வெல்லாது எனப்பட்ட குதிரை

ஒரு குதிரை வெல்லுமா, தோற்குமா என்று முன்கூட்டியே வாதிப்பது அறிவின் செயலா, சூதாட்டமா? திண்ணையில் அமர்ந்திருப்போர் ஓய்ந்த பொழுதில் எழுப்பக்கூடிய இவ்வினாவை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே எடுத்து ஆராய்ந்து விடைகூற வேண்டிய நிலை ஒருமுறை ஏற்பட்டது. கே. ஆர். இலட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்று வழங்கும் அவ்வழக்கில் 1996 சனவரி 12-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டதே என்பது அத்தீர்ப்பின் சாரம். பந்தயத்தில் எவரும் நம்பாத எளிய குதிரையின் நிலை யாது, அதன்மேல் பணம் கட்டும் எளிய மனிதனின் நிலை யாது என்பதை அத்தீர்ப்பின் வெளிச்சத்தில் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

வழக்கின் களமாகிய கிண்டித் திடலை நம் மக்கள் நன்கறிவர். புனித தோமையாரின் நினைவைத் தாங்கிய சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் திருப்பயணம் செல்லுவோர் அதன் அருகே செல்லாதிருத்தல் அரிது. 1777-ஆம் ஆண்டிலேயே அங்கே பந்தயம் தொடங்கிற்று என்பர். கும்பெனி அதிகாரிகளின் பொழுதுபோக்காக முளைத்த அது, 1780-இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் அண்டை ஊர்கள் வரை வந்து எரியூட்டியபோது தானே அடங்கிற்று. வாசலில் பகைவனின் குதிரைகள் நிற்கும்போது பந்தயக் குதிரைகளைப் பற்றி எண்ண யாருக்கு மனம் வரும்? பின்னர் மீண்டும் தழைத்து, 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் என்னும் கழகம் அமைந்தது. 1945-இல் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் அக்கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. இத்தொகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

விடுதலைக்குப் பின் எழுந்த மக்களாட்சி அரசுகளுக்கு இப்பந்தயம் கண்ணில் விழுந்த தூசியாகவே இருந்தது. 1974-இல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் எம். ஜி. இராமச்சந்திரனின் அரசு கழகத்தையே கையகப்படுத்த மற்றொரு சட்டம் கொண்டுவந்தது. எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் இவ்வொன்றில் ஏறக்குறைய ஒரே திசையில் நடந்தனர். ஆயினும் அரசின் கை முற்றிலும் தூயது என்று சொல்லுவதற்கில்லை. 1968 முதல் அரசே பரிசுச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தது. அது தமிழகத்தில் நிறுத்தப்பட்டது 2003-இல்தான். குதிரையின்மேல் கட்டினால் சூது, அரசு அச்சிட்ட தாளின்மேல் கட்டினால் நாட்டுப்பணி என்னும் இந்த வேறுபாடு எளியவனுக்கு எவ்வாறு விளங்கும்?

வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, விளையாட்டுகளில் வாய்ப்பை மட்டும் நம்பியவை உண்டு, திறமையை நம்பியவை உண்டு, இரண்டும் கலந்தவையும் உண்டு என்று பகுத்தது. கலந்தவற்றில் எது மேலோங்கியது என்பதே கேள்வி. குதிரையின் குலவழி, பயிற்சி, வேகம், தாங்கும் ஆற்றல், அதை ஓட்டும் ஜாக்கியின் திறன் ஆகியவை முடிவைத் தீர்மானிக்கின்றன; அவற்றைக் கற்றறிந்தவன் தன் அறிவைக்கொண்டே கணிக்கிறான்; ஆகவே இது சூதாட்டச் சட்டத்தின் வலைக்குள் வராது என்பது நீதிமன்றத்தின் முடிவு. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் பந்தயத்தைத் தொட இயலாமற் போயிற்று.

சட்டம் அறிந்தோர் இத்தீர்ப்பைப் பாராட்டுவர். நமக்கோ வேறொரு ஐயம் எழுகிறது. சிறந்த குதிரை எது என்பதைக் கணிக்க அறிவு உதவும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வெல்லாது என்று அனைவரும் ஒதுக்கிய குதிரை வெல்லும்போது அங்கே வென்றது எது?

இதை விளங்கிக்கொள்ளப் பந்தயத்தின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். எல்லாக் குதிரைகளையும் அப்படியே ஓடவிட்டால் வலியதே என்றும் வெல்லும். காண்பவர்க்குச் சுவை இராது. ஆகவே பல பந்தயங்களில் முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு மிகுந்த சுமையும், பின்தங்கியதற்குக் குறைந்த சுமையும் வகுக்கப்படுகின்றன. ஜாக்கியின் எடை போதாவிடில் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி நிறைவு செய்வர். கணக்குப் பிசகாமல் அமைந்தால் எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பதே சுமை வகுப்போரின் கனவு. வலியவன்மேல் சுமையை ஏற்றி மெலியவனுக்கு இடந்தரும் இவ்வேற்பாட்டைப் பார்க்கையில், மனிதருக்கு நாம் செய்ய மறுக்கும் நீதியைக் குதிரைகளுக்குச் செய்திருக்கிறோமே என்று தோன்றாமலில்லை. ஆனால் இந்நீதியின் நோக்கம் மெலிந்த குதிரையின் நலம் அன்று. முடிவு எவருக்கும் எளிதில் புலப்படாதிருக்க வேண்டும். புலப்படாதவிடத்துத்தான் பணம் குவியும்.

வெல்லாது எனப்பட்டு வென்ற குதிரைகளுள் இரண்டைச் சாட்சிகளாக அழைக்கலாம். முதலாவது அமெரிக்கக் குதிரையாகிய சீபிஸ்கட். குட்டை உடல், முடிச்சு விழுந்த முழங்கால்கள், தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி. அதை எதிர்த்து நின்றது 1937-இல் அந்நாட்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற வார் அட்மிரல். 1938 நவம்பர் 1-ஆம் நாள் பிம்லிகோ திடலில் இவ்விரண்டும் தனித்து மோதின. பத்திரிகையாளர் பலரும் வார் அட்மிரல் பக்கமே நின்றனர். அதன்மேல் நான்கு கட்டினால் ஒன்றே ஆதாயம் என்னும் அளவுக்கு மக்களின் நம்பிக்கையும் அதன்மேலேயே இருந்தது. புறப்படும் கணத்தில் யார் முந்துவது என்பதே அன்றைய வாதம். வார் அட்மிரல் மின்னலாய்ப் புறப்படும் இயல்பினது. சீபிஸ்கட் மெல்லத் தொடங்கிப் பின்னால் பாயும் பழக்கமுடையது. பயிற்சியாளர் டாம் ஸ்மித் மணியோசை கேட்ட மாத்திரத்தில் பாயுமாறு அதைப் பல நாள் பழக்கினார். அடிபட்டு ஓட்ட இயலாதிருந்த பழைய ஜாக்கி ரெட் போலார்டு, தம் இடத்தில் ஏறிய ஜார்ஜ் வுல்ஃபுக்கு ஒரு நுட்பம் உரைத்தார்: முந்திச் சென்றபின் மாற்றானைச் சிறிது அருகே வரவிடு; அவனைக் கண்ணால் கண்டால் நம் குதிரை மேலும் சீறும். அவ்வாறே நடந்தது. நான்கு குதிரை நீளத்தில் சீபிஸ்கட் வென்றது.

இச்சாட்சி நீதிமன்றத்தின் பக்கம் பேசுகிறது. ஊர் பார்த்தது குட்டை உடலை. அறிந்தவன் பார்த்தது அதனுள் இருந்த ஆற்றலை.

இரண்டாவது சாட்சி வேறு விதமாய்ப் பேசும். இங்கிலாந்தில் எயின்ட்ரீ என்னுமிடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கிராண்ட் நேஷனல், தடைகளைத் தாண்டி ஓடும் நெடும்பந்தயம். 1967-இல் அதில் ஓடிய ஃபாய்னவான் என்னும் குதிரைமேல் ஒன்றுக்கு நூறு என்று விலை பேசப்பட்டது. அதன் உரிமையாளரே திடலுக்கு வரவில்லை. 23-ஆம் தடையில், தன் ஜாக்கியை முன்பே இழந்து வெறுமனே ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை திடீரெனக் குறுக்கே திரும்பியது. பின்வந்தவை ஒன்றின்மேல் ஒன்றாக மோதிச் சரிந்தன, அல்லது நின்றன. மிகவும் பின்தங்கி வந்த ஃபாய்னவானுக்கோ குழப்பத்தைப் பார்த்து இடைவெளி தேட நேரம் கிடைத்தது. ஜாக்கி ஜான் பக்கிங்காம் அதை ஓரமாகச் செலுத்தித் தாண்டவைத்தார். ஏனையோர் திரும்பி வந்து தாண்டுமுன் அது நெடுந்தொலைவு சென்றுவிட்டது. 15 குதிரை நீளத்தில் வெற்றி. அத்தடைக்கே 1984-இல் அக்குதிரையின் பெயரை இட்டனர். எந்தக் குலவழி ஆய்வு, எந்த ஓட்டக் கணக்கு அந்த ஒரு நொடியை முன்கூட்டி உரைத்திருக்கும்? பின்தங்கியிருந்ததே அதன் பேறாயிற்று. 2022-இல் கெண்டகி டெர்பியில், போட்டிக்கு முந்தைய நாள் ஒரு குதிரை விலகியதால் இடம்பெற்ற ரிச் ஸ்ட்ரைக், ஒன்றுக்கு எண்பது என்ற விலையில் நின்று வென்றதையும் இதனோடு வைத்து எண்ணலாம்.

இத்தகைய கதைகள் நம் உள்ளத்தைத் தொடுகின்றன. தொடுவதில் வியப்பில்லை. ஈசாயின் புதல்வருள் ஆடு மேய்த்த கடைசி மகனையும், கிதியோனின் முந்நூறு பேரையும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. ஆனால் வரலாற்றை எழுதுவோர் செய்யும் ஒரு தவறு இவ்விடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைக் காட்ட நம் கோவளமே போதும். 1752-இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பிடிக்க இராபர்ட் கிளைவ் வந்தபோது அவனிடம் இருந்தோர், அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய 200 ஆங்கிலேயரும் புதிதாய்ச் சேர்த்த 500 சிப்பாய்களுமே. இலண்டன் தெருக்களில் அள்ளிச் சேர்த்த கழிவுகள் என்னும் பொருளில் அவ்வெள்ளையரை மெக்காலே பழித்துரைக்கிறார். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவனை வீழ்த்தியதும் மற்றவர் அனைவரும் புறங்காட்டி ஓடினர். காவலுக்கு நின்ற ஒருவன் நெடுநேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டான். இப்படையின்மேல் யார் ஒரு காசு கட்டியிருப்பார்? ஆயினும் கோட்டை விழுந்தது. செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை வழியில் மறிக்கப்பட்டது, செங்கல்பட்டும் வீழ்ந்தது. வென்றதால் கிளைவின் கதை ஏறிற்று; அதனால் இம்மண்ணில் வாழ்ந்தோருக்கு விளைந்தது யாது என்பது தனி நூலாக எழுதப்பட வேண்டியது. நாம் இங்கே காண வேண்டியது ஒன்று. வெல்லாது எனப்பட்டு வென்றவை ஏட்டில் ஏறுகின்றன. வெல்லாது எனப்பட்டு அவ்வாறே தோற்றவை, ஆயிரக்கணக்கானவை, எந்த ஏட்டிலும் இல்லை. கடைசிக் குதிரை வென்ற கதையை மட்டும் கேட்டு வளர்ந்தவன் அது அடிக்கடி வெல்லும் என்றே நம்புவான்.

அந்த நம்பிக்கையின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தோர் உண்டு. பந்தயத்தில் பணம் சேர்த்துப் பகிரும் முறையை 1860-களில் பாரிசில் வகுத்தவர் ஜோசப் ஒல்லேர். கட்டப்படும் பணம் முழுவதும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, நடத்துவோரின் பங்கும் வரியும் முதலில் எடுக்கப்படும். எஞ்சியது வென்ற குதிரைமேல் கட்டியவருக்குப் பிரித்தளிக்கப்படும். விளக்கத்திற்காக ஒரு கணக்கு: ஒரு இலட்சம் சேர்ந்தது, இருபதாயிரம் கழிந்தது, எண்பதாயிரம் நின்றது என்போம். நாற்பதாயிரம் கட்டப்பட்ட முன்னணிக் குதிரை வென்றால் ரூபாய்க்கு இரண்டு. ஆயிரமே கட்டப்பட்ட கடைசிக் குதிரை வென்றால் ரூபாய்க்கு எண்பது. ஆகவே கடைசிக் குதிரையின் விலையை நிறுவுவது அதன் கால்கள் அல்ல, கூட்டத்தின் எண்ணம். கூட்டம் அதைத் தாழ்த்தி மதித்திருந்தால் அதன்மேல் கட்டுபவனுக்கு ஆதாயம். உயர்த்தி மதித்திருந்தால் இழப்பு.

கூட்டம் உயர்த்தியே மதிக்கிறது. 1949-இல் க்ரிஃபித் என்னும் உளவியல் அறிஞர் இதை முதன்முதல் கண்டு எழுதினார். பின்னர் 1992 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஓடிய குதிரைகளின் கணக்கை எரிக் ஸ்னோபெர்க், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்னும் இரு பொருளியலாளர் திரட்டி 2010-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு பந்தயத்திலும் முன்னணிக் குதிரைமேலேயே கட்டி வந்தவன் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ ஐந்தரை ரூபாய் இழப்பான். ஒன்றுக்கு நூறும் அதற்கு மேலும் விலைபோன குதிரைகள்மேல் கட்டி வந்தவன் நூறுக்கு 61 இழப்பான். இருவரும் இழக்கின்றனர். ஆனால் மெலிந்ததன் பக்கம் நின்றவன் பன்மடங்கு இழக்கிறான். கடைசிக் குதிரை வெல்லுவதுண்டு. தன் விலை உரைக்கும் அளவுக்கு வெல்லுவதில்லை.

யார் அதன்மேல் கட்டுகிறார்? கையில் ஆயிரம் உள்ளவனுக்கு இரண்டாயிரம் போதும். கையில் ஐம்பதே உள்ளவனுக்கும் கழுத்துவரை கடன் உள்ளவனுக்கும் இரண்டு மடங்கால் ஆவதொன்றில்லை. எண்பது மடங்குதான் அவன் மகளின் திருமணம், அவன் அடகுவைத்த வீடு. பங்குகளில் பணியாற்றும் குருக்கள் எவரும் இத்தகைய கணக்கோடு வந்து அமரும் குடும்பத்தைக் கண்டிருப்பர். ஆகவே உச்ச நீதிமன்றத்தின் வாதத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. இறுதிவரை அதைப் பின்தொடர்ந்தாலே போதும். பந்தயம் திறமை என்றால், அத்திறமை உடையவனுக்கு அது திறமை. குலவழியும் பயிற்சியும் அறியாமல், பெயரின் அழகைக் கண்டோ கனவில் வந்த எண்ணைக் கொண்டோ கட்டுபவனுக்கு அது முழுச்சூதே. இன்னும் கூறினால், ஒரே திடலில் சிலருக்குத் திறமையாகவும் பலருக்குச் சூதாகவும் இருக்கும் ஆட்டம், அனைவருக்கும் சூதாக இருக்கும் ஆட்டத்தைவிடக் கொடிது. சீட்டு எடுக்கையில் அறிந்தவனும் அறியாதவனும் சமம். இங்கோ அறியாதவன் கட்டிய பணமே அறிந்தவனின் ஆதாயம்.

கடலுக்குச் செல்லும் நம் மீனவரும் நிச்சயமற்றதை நம்பியே செல்லுகின்றனர் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். உண்மைதான். காற்றையும் நீரோட்டத்தையும் பறவையையும் பார்த்துக் கணிக்கும் அறிவு அங்கே உண்டு. எல்லாம் அறிந்தும் வெறும் வலையோடு திரும்பும் நாளும் உண்டு. ஆனால் ஒருவன் வலை நிறைவதற்கு மற்றவன் வலை கிழிய வேண்டியதில்லை.

திருச்சபை இப்பொருளில் கண்மூடித்தனமாய்த் தடைவிதித்ததில்லை. பொன்வாய் அருளப்பர் என்னும் புனித யோவான் கிறிசோஸ்தோம் 399-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆற்றிய மறையுரை புகழ்பெற்றது. பெருமழையால் பயிர் அழியுமென்று அஞ்சி, திருத்தூதரின் ஆலயங்களுக்கு ஓடி மன்றாடிய மக்கள், சில நாட்களுக்குள்ளாகவே, அதுவும் வெள்ளிக்கிழமையில், குதிரைப் பந்தயத்திற்கு ஓடியதைக் கண்டு அவர் கொதித்தார். எனினும் இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தன் 2413-ஆம் எண்ணில், பந்தயம் கட்டுதல் தன்னளவில் நீதிக்கு மாறானதன்று என்றே சொல்லுகிறது. தன்னுடையவும் பிறருடையவும் தேவைகளுக்கு வேண்டியதை அது பறிக்கும்போது ஏற்கத்தகாததாகிறது. அளவுகோல் குதிரையிடமும் இல்லை, திறமையிடமும் இல்லை. வீட்டு அடுப்பில் இருக்கிறது. சூதுக்கென்று 94-ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிய வள்ளுவரும் வறுமையையே அங்கு முன்னிறுத்துகிறார்.

புனித ஜெரோம் எழுதிய புனித ஹிலாரியனின் வரலாற்றில் ஒரு பந்தயக் கதை வருகிறது. காசா நகரத்து இத்தாலிக்குஸ் என்னும் கிறிஸ்தவன் தேர்ப்பந்தயக் குதிரைகள் வைத்திருந்தான். மார்னாஸ் என்னும் தெய்வத்தை வழிபட்ட நகரத் தலைவன் அவனுக்குப் போட்டியாளன். மந்திரவாதியை அமர்த்தி இத்தாலிக்குஸின் குதிரைகளைக் கட்டிவைத்தான் என்பது ஊர்ப்பேச்சு. தோற்கப்போகிறவன் என்று ஊரார் எண்ணிய இத்தாலிக்குஸ் துறவியிடம் வந்தான். இத்தகைய அற்ப காரியத்திற்கு மன்றாட்டை வீணாக்குவதா என்று தயங்கிய முதியவர் புன்னகைத்து, குதிரைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்து உன் ஆன்மாவைக் காத்துக்கொள்ளலாகாதா என்றார். இது என் விருப்பமன்று, நகரப் பொறுப்பு. திருச்சபையை இகழ்வோர் முன் தோற்க அஞ்சுகிறேன் என்றான் அவன். உடனிருந்தோரும் வேண்டவே, துறவி தாம் நீர் அருந்தும் மண்குவளையில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். தொழுவத்திலும் குதிரைகள்மேலும் தேரிலும் அது தெளிக்கப்பட்டது. இத்தாலிக்குஸ் வென்றான், மார்னாஸைக் கிறிஸ்து வென்றார் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது, தோற்றவர் துறவியைச் சூனியக்காரர் என்று தண்டிக்கக் கேட்டனர்.

ஏறத்தாழ 390-இல் எழுதப்பட்ட இக்கதையில் வெற்றியைவிட அந்தப் புன்னகையே என் நெஞ்சில் நிற்கிறது. எளியவன் பக்கம் நின்றார் துறவி. ஆனால் அவன் குதிரைமேல் ஒரு காசும் கட்டவில்லை. இறைவன் தாவீதைத் தெரிந்துகொண்டதும் ஒன்றுக்கு எண்பது கிடைக்கும் என்பதற்காக அன்று.

1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் கிண்டியோடு நிற்கவில்லை. பின்னாளில் கைப்பேசியில் பரவிய ரம்மி முதலிய பண ஆட்டங்களை நடத்தியோரும் திறமை என்னும் அதே சொல்லைக் கேடயமாகப் பிடித்தனர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்னும் வேறுபாடு பாராமல் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. கிண்டியின் கதையோ வேறு வழியில் திரும்பியது. 614 ரூபாய் 13 அணா வாடகையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அரசு உயர்த்திக் கேட்டிருந்தது. நிலுவை நூற்றுக்கணக்கான கோடியாக வளர்ந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தைத் தன் வசம் எடுத்தது. வழக்கு மீண்டும் எழுந்தது. அதற்கிடையே, அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழைக்காக, வேளச்சேரிப் பக்கம் பாயும் வெள்ளத்தைத் தேக்குதற்பொருட்டு அந்நிலத்தில் குளங்கள் வெட்டப்பட்டன.